விலகின ஆளுக்கு மெயில் போகுது, பதிஞ்ச ஆளுக்குப் போகேல்ல: மெயில்மேன் 3ஐ வெப் அப்பின்ர கணக்குகளோட இணைக்கேக்க வாற பிழையள்

எங்கட ஊர் வாசிகசாலைக்கு ஜாங்கோவில (பைத்தன் மொழியில வெப் அப் செய்யிற கட்டமைப்பு) எழுதின ஒரு வெப் அப் இருக்கு. அங்கத்தவர் லொகின் பண்ணி புத்தகம் பதியலாம், வருசச் சந்தா கட்டலாம், கூட்டத்துக்குப் பேர் குடுக்கலாம். அங்கத்தவரில அரைவாசிப்பேருக்கு மேல இப்ப ஊரில இல்லை, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் எண்டு இருக்கினம், அவையளோட தொடர்பு முழுக்க மெயில் லிஸ்டாலதான். அதுக்கு முந்தி மெயில்மேன் எண்ட லிஸ்ட் நடத்திற மென்பொருளின்ர 2.1 பதிப்பு வச்சிருந்தம். அதில ஒவ்வொரு லிஸ்டுக்கும் ஒவ்வொரு பாஸ்வேட், அந்தப் பாஸ்வேட்டை மாசத்துக்கு ஒருக்கா வெறும் எழுத்தா மெயிலில அனுப்பி ஞாபகப்படுத்தும். அது ஓடுறது பைத்தன் 2இல, பைத்தன் 2இன்ர ஆதரவோ 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சுது. அதால மெயில்மேன் 3க்கு மாறி, அப்பில கணக்குத் துறக்கிற ஆளுக்கு லிஸ்டும் தன்பாட்டில கிடைக்கிற மாதிரி இணைச்சம். இணைச்ச பிறகுதான் ஒவ்வொண்டா வரத் தொடங்கினது. நான் பட்ட பிழையளை, ஆக்கள் எனக்கு முறைப்பாடா சொன்ன விதத்திலயே இஞ்ச எழுதிறன், உங்களிட்ட வாற முறைப்பாடும் கிட்டத்தட்ட இதே வாய்ச்சொல்லிலதான் வரும்.

முதல்ல ஒண்டு விளங்கவேணும், இது விளங்காட்டி கீழ இருக்கிற எதுவும் உதவாது. மெயில்மேன் 3 ஒரு புரோகிராம் இல்லை. கோர் எண்டது தனி, அதுக்குத் தனி டேட்டாபேஸ். ஆக்கள் பாக்கிற வெப் பக்கம் போஸ்டோரியஸ், பழைய மெயில்களைக் காட்டுறது ஹைப்பர்கிட்டி, இந்த ரெண்டும் ஜாங்கோ, அதுக்கு இன்னொரு டேட்டாபேஸ். உங்கட அப் மூண்டாவது. இந்த மூண்டையும் ஒட்டி வச்சிருக்கிற ஒரே பசை மெயில் அட்ரஸ்தான். கோருக்குள்ள யூசர், அட்ரஸ், மெம்பர் எண்டு மூண்டு வேற வேற சாமான்: யூசர் எண்டது ஆள், அந்த ஆளுக்கு எத்தினை அட்ரஸும் இருக்கலாம், அந்த அட்ரஸ் ஒரு லிஸ்டில சேர்ந்தா அது மெம்பர். இதில எந்த விசயத்துக்கு எந்தப் பக்கம் பொறுப்பு எண்டு ஒரு தாளில எழுதி வச்சிட்டு வேலையைத் தொடங்குங்கோ. ஆள் ஆர், எந்த அட்ரஸ் அவற்ற எண்டதுக்கு அப் பொறுப்பு. மெயில் வேணுமோ வேண்டாமோ எண்டதுக்கு லிஸ்ட் பொறுப்பு. நான் இதை எழுதி வைக்காமல் தொடங்கினன், கீழ வாற பிழையளில பாதி அதாலதான் வந்தது.

ஆரும் முறைப்பாடு சொன்னா உடன கோட்டைத் துறக்காதையுங்கோ. அந்த ஆளின்ர அட்ரஸை எடுத்து மூண்டு இடத்தில பாருங்கோ: அப்பின்ர டேட்டாபேஸில என்ன இருக்கு, கோரின்ர ரெஸ்ட் ஏபிஐ (மற்றப் புரோகிராம்கள் கோரோட கதைக்கிற வாசல்) அந்த அட்ரஸுக்கு என்ன சொல்லுது, மெயில் சேர்வரான போஸ்ட்ஃபிக்ஸின்ர லொக்கில அந்த அட்ரஸ் எங்க நிக்குது. மூண்டும் ஒரே கதை சொல்லாட்டி பிழை எந்த ரெண்டுக்கும் நடுவில எண்டு அப்பவே தெரிஞ்சிடும்.

"தம்பி, பதிஞ்சிட்டன், ஒண்டும் வரேல்ல"

கணக்குத் துறந்தாச்சு, லிஸ்டில பேர் இல்லை. கோருக்கு மெம்பர் சேர்க்கச் சொல்லி அனுப்பினதுக்கு என்ன பதில் எண் (எச்டிடிபி கோட்) வந்தது எண்டு பாருங்கோ. 201 எண்டா சேர்ந்தாச்சு. 202 எண்டா சேரேல்ல, கோர் ஒரு டோக்கன் தந்திட்டு உறுதிப்படுத்தலுக்குக் காத்துக்கொண்டு இருக்கு. கன பேர் எழுதிற கோட் ரெண்டையும் வெற்றி எண்டு எடுத்திடும், ஏனெண்டா ரெண்டும் 2இல தொடங்குது, என்ர கோட்டும் அப்பிடித்தான் எடுத்தது. ஆளுக்கு உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் போயிருக்கும், அது ஸ்பாமுக்குள்ள கிடக்கும், ஆளோ ஏற்கெனவே அப்பில ஒருக்கா உறுதிப்படுத்தினவர், இன்னொண்டு வருமெண்டு பாத்திருக்க மாட்டார்.

சேர்க்கேக்க மூண்டு கொடி (ஓம், இல்லை எண்டு போடுற குறி) குடுக்கலாம். பிரீ வெரிஃபைட் எண்டா இந்த அட்ரஸ் இந்த ஆளின்ரதான் எண்டு நாங்கள் ஏற்கெனவே பாத்திட்டம். பிரீ கன்ஃபேம்ட் எண்டா இந்த லிஸ்டில சேர அவர் சம்மதிச்சிட்டார். பிரீ அப்ரூவ்ட் எண்டா நிர்வாகி ஓமெண்டிட்டார். மூண்டும் வேற வேற கேள்விக்குப் பதில். லிஸ்டின்ர சேர்க்கை விதியை ஓப்பின் எண்டு வச்சும் ஏன் உறுதிப்படுத்தல் மெயில் போகுது எண்டு தலையைப் பிச்சுக்கொண்டிருந்தன், காரணம் இதுதான்: அட்ரஸ் வெரிஃபை ஆகாட்டி லிஸ்ட் ஓப்பினா இருந்தாலும் கோர் கேட்டே தீரும். அதுக்காக மூண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓம் போடக்கூடாது. உங்கட அப் மெயில் லிங்க் அனுப்பி அட்ரஸை உண்மையாவே வெரிஃபை செய்திருந்தா மட்டும் முதலாவது, பதிவுப் பக்கத்தில ஆள் தானாப் பெட்டியில டிக் போட்டிருந்தா மட்டும் ரெண்டாவது.

409 வந்தா ஏற்கெனவே சேர்ந்திருக்கு, இல்லாட்டி ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் காத்திருக்கு. இதைப் பிழையா எடுத்து ஸ்கிரிப்டை நிப்பாட்டாதையுங்கோ. 2022இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்ட காலத்தில பழைய அங்கத்தவரை ஏத்துற ஸ்கிரிப்டை வீட்டில இருந்து ஓட்டினன், பாதி ஏறேக்க கரண்ட் போகும், திரும்ப ஓட்டினா முதலாவது ஆளிலயே 409 எண்டு விழுந்து நிக்கும். எத்தினை தரம் ஓட்டினாலும் முடிவு ஒண்டா வாற மாதிரி எழுதினாத்தான் இஞ்ச நிம்மதி.

400 வந்தா லிஸ்டின்ர பேரைப் பாருங்கோ. லிஸ்ட் ஐடியில அற் குறி வராது, அந்த இடத்தில புள்ளிதான் வரும். லிஸ்டின்ர மெயில் அட்ரஸை அப்பிடியே தூக்கி ஐடி எண்டு குடுத்தா ஏற்காது.

இன்னொரு வகை இருக்கு, சில ஆளுக்கு மட்டும் சேராது, திரும்ப முயற்சி செய்தா சேரும். அது பெரும்பாலும் ஜாங்கோவின்ர போஸ்ட் சேவ் சிக்னலுக்குள்ள (ஒண்டைச் சேமிச்ச உடன ஓடுற கோட்) இருந்து பின்னணி வேலை ஒண்டை அனுப்பிறதால வாறது. அந்த யூசர் டேட்டாபேஸில கொமிட் ஆகிறதுக்கு முதலே வேலை ஓடிப் பாக்குது, ஆள் இல்லை எண்டு திரும்பிடுது. கொமிட் ஆனாப் பிறகு மட்டும் ஓட வைக்கிற டிரான்ஸக்ஷன் ஒன் கொமிட்டுக்குள்ள போட்டா சரி.

ஏபிஐ கதைக்கவே மாட்டன் எண்டா

இது சின்னன். இணைப்பு மறுக்கப்பட்டா கோர் ஓடேல்ல, இல்லாட்டி வேற போர்ட், வழமையா 8001. 401 எண்டா கோரின்ர கொன்ஃபிக்கில இருக்கிற பாஸ்வேட்டும் அப்பில இருக்கிறதும் வேற. இந்த ஏபிஐக்குப் பயனர் மட்டத்தில அனுமதி எண்ட கதையே இல்லை, உள்ள வந்த ஆள் எல்லாம் செய்யலாம். அதால அந்தப் போர்ட்டை வெளியில துறக்காதையுங்கோ, லோக்கல்ஹோஸ்டுக்குள்ளயே வச்சிருங்கோ. அப் வேற சேர்வரில எண்டா ரெண்டுக்கும் நடுவில விபிஎன் இல்லாட்டி எஸ்எஸ்எச் டனல் போடுங்கோ.

"வேண்டாம் எண்டு விலகினன், திரும்பத் திரும்ப வருது"

இதிலதான் எனக்கு நெஞ்சு சுட்டது. ரொறன்ரோவில இருக்கிற ஒரு ஐயா, எங்கட வாசிகசாலையில சின்னனில படிச்சு வளந்தவர், லிஸ்டில வாற மெயில் கூடிப்போச்செண்டு மெயிலின்ர அடியில இருந்த லிங்கை அமத்தி விலகினார். அடுத்த நாள் திரும்ப வந்தது. திரும்ப விலகினார். மூண்டாம் தரம் விலகிட்டு எனக்கு எழுதினார், கோவமா எழுதேல்ல, "நான் ஏதும் பிழையா அமத்திறனோ தம்பி" எண்டு கேட்டிருந்தார். அவர் ஒண்டையும் பிழையா அமத்தேல்ல. ஒவ்வொரு இரவும் என்ர ஸ்கிரிப்ட் அப்பில இருக்கிற கணக்குகளையும் லிஸ்டில இருக்கிற மெம்பர்களையும் ஒப்பிட்டு, அங்க இருந்து இஞ்ச இல்லாத ஆளை எல்லாம் "விட்டுப்போச்சு" எண்டு நினைச்சுத் திரும்பச் சேர்த்துக்கொண்டு இருந்தது. அதுவும் மூண்டு கொடிக்கும் ஓம் போட்டு, அதால அவருக்கு ஒரு கேள்வி கூடப் போகேல்ல.

கணக்கு இருக்கு, லிஸ்ட் சந்தா (வருசக் காசு இல்லை, மெயில் வாறதுக்கான பதிவு) இல்லை எண்டா ரெண்டு காரணம் இருக்கலாம்: இன்னும் சேர்க்கேல்ல, இல்லாட்டி தானா விலகிட்டார். டேட்டாபேஸைப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒப்பிட்டுச் சேர்க்கிற எந்த ஸ்கிரிப்டும் இந்த ரெண்டையும் பிரிச்சறிய மாட்டுது, எவ்வளவு வடிவா எழுதினாலும் சரி. அதால ஒப்பிடுறதையே விட்டிட்டம். இப்ப சேர்க்கிறது ஒரே ஒரு நேரத்திலதான்: ஆள் பெட்டியில டிக் போட்டு சேமி எண்டதை அமத்திற அந்த நேரம். அதுக்குப் பிறகு அப் தன்ர பக்கத்தில சந்தா இருக்கா இல்லையா எண்ட நகலை வச்சிருக்கிறதே இல்லை. கணக்குப் பக்கம் துறக்கேக்க கோரிட்டக் கேட்டு அந்த நேரத்தில என்ன நிலையோ அதைக் காட்டும். ஒரு ஏபிஐ அழைப்புக் கூடத்தான், பக்கம் ஒரு கணம் பிந்தும், பரவாயில்லை. கோர் பதில் தராட்டி "இப்ப பாக்க ஏலாமல் இருக்கு" எண்டு காட்டிறம், வெறும் பெட்டி காட்டினா ஆள் திரும்ப டிக் போட்டிடுவார்.

உங்கட இடத்தில நகல் வச்சே ஆகவேணும் எண்டா, ஆள் இந்த லிஸ்டுக்கு ஒருக்காச் சேர்க்கப்பட்டவர் எண்ட குறிப்பையும் திகதியையும் தனியா வச்சிருங்கோ, அந்தக் குறிப்பு உள்ள ஆளை எந்த ஸ்கிரிப்டும் தானாச் சேர்க்கக்கூடாது. ஐரோப்பாவில 2018 மே 25இல இருந்து ஜிடிபிஆர் எண்ட தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறையில இருக்கு, இலங்கையிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சட்டத்துக்காகவும் இது வேணும். எண்டாலும் சட்டம் இல்லாட்டிலும் ஒரு ஆள் வேண்டாம் எண்டு சொன்னா அது வேண்டாம்தான்.

இதோட சேர்ந்த இன்னொண்டு, தமிழில பக்கம் செய்யிற ஆக்களுக்கு. நாங்கள் முதல்ல அந்தப் பொத்தானில "சந்தாவை நிறுத்து" எண்டு எழுதியிருந்தம். வாசிகசாலையில சந்தா எண்டா வருசக் காசு. மெயிலை மட்டும் நிப்பாட்ட வந்த ஆக்கள் அங்கத்துவமே போயிடும் எண்டு பயந்து அமத்தாமல் விட்டிருக்கினம், வேற ஒருத்தர் அங்கத்துவத்தை விடுறன் எண்டு நினைச்சு இதை அமத்திட்டு அடுத்த வருசம் காசு கட்டேல்ல. இப்ப "மெயில் வேண்டாம்" எண்டு இருக்கு, கீழ சின்னனா "உங்கட அங்கத்துவம் அப்பிடியே இருக்கும்" எண்டும் எழுதியிருக்கு. முறைப்பாடு நிண்டிட்டுது.

"அட்ரஸ் மாத்தினன், பழசுக்குத்தான் போகுது"

அப்பில அட்ரஸை மாத்தினா அப்பின்ர டேட்டாபேஸ்தான் மாறும், கோருக்கு ஒண்டும் தெரியாது. அட்ரஸ்தான் பசை எண்டு மேல சொன்னன், பசையை ஒரு பக்கம் மட்டும் உரிச்ச மாதிரித்தான் இது. சில பேர் பழைய அட்ரஸை விலக்கிப் புதுசைச் சேர்க்கினம், அப்பிடிச் செய்தா ஆள் வச்சிருந்த விருப்பங்கள், டைஜஸ்டா (கன மெயிலை ஒண்டாக் கட்டி) தனித்தனியா எண்டது எல்லாம் போயிடும்.

நல்ல வழி: கோரில சேர்க்கேக்கயே அட்ரஸைக் குடுக்காமல் யூசர் ஐடியைக் குடுத்துச் சேருங்கோ. அப்ப அந்தச் சந்தா ஆளின்ர விருப்ப அட்ரஸோட ஒட்டி இருக்கும். அட்ரஸ் மாறேக்க புதுசை அந்த யூசரில இணைச்சு, வெரிஃபை செய்து, விருப்ப அட்ரஸ் எண்டு மாத்தினாக் காணும், அப்பிடிச் சேர்ந்திருக்கிற எல்லா லிஸ்டும் சேர்ந்து மாறும். விருப்ப அட்ரஸே வைக்காத யூசரை இப்பிடிச் சேர்க்க ஏலாது, வெரிஃபை ஆகாத அட்ரஸை விருப்ப அட்ரஸா வைக்கவும் ஏலாது, அந்த வரிசையைத் தவறவிடாதையுங்கோ. பழைய அட்ரஸை உடன அழிக்காமல் கொஞ்ச நாள் விட்டு வையுங்கோ, ஆள் பழைய அட்ரஸில இருந்து எழுதிப்போடுவார்.

எழுதிப்போட்டா என்ன நடக்கும் எண்டதும் ஒரு முறைப்பாடுதான்: "நான் அங்கத்தவர், என்ர மெயிலை ஏன் மறிச்சு வச்சிருக்கிறியள்". வேலை அட்ரஸில சேர்ந்திட்டு போனில இருக்கிற மற்ற அட்ரஸில இருந்து எழுதியிருப்பார், லிஸ்ட் அவரை வெளியாள் எண்டு பிடிச்சு வச்சிருக்கும். அந்த ரெண்டாவது அட்ரஸையும் சேர்த்து, அதுக்கு மட்டும் மெயில் அனுப்பிறதை நிப்பாட்டி விட்டா, எழுதலாம், ரெண்டு பிரதி வராது.

"லொகின் பண்ணினா ஒரு லிஸ்டும் காட்டுதில்லை"

போஸ்டோரியஸ் தன்ர கணக்கு வேலையை ஓல்ஓத் எண்ட ஜாங்கோ பொதியிட்ட விட்டிருக்கு. ஓல்ஓத்துக்கு யூசர் டேபிளில இருக்கிற மெயில் காணாது, அதுக்கெண்டு தனி மெயில் டேபிள் இருக்கு, அதில வெரிஃபைட் எண்டு குறிச்ச அட்ரஸைத்தான் நம்பும். ஸ்கிரிப்டாலயோ எல்டாப்பாலயோ (பயனர் விபரங்களைப் பொதுவா வச்சிருக்கிற கோவை) கணக்கு உண்டாக்கினா அந்த டேபிளில வரி இருக்காது, ஆள் உள்ள வருவார், வெறும் பக்கம்தான் பாப்பார். கொமாண்ட் லைனில உண்டாக்கின சூப்பர்யூசருக்கும் இதேதான், முதல் லொகினில மெயிலை உறுதிப்படுத்து எண்டு மறிக்கிறது அதாலதான்.

இதைச் சரிசெய்ய எல்லா ஆளுக்கும் வெரிஃபைட் எண்டு ஒரே அடியில எழுதிவிட ஆசை வரும். செய்யாதையுங்கோ. வெரிஃபை செய்யாத அட்ரஸை நம்பினா, ஆரோ ஒருத்தர் இன்னொருத்தற்ற மெயிலைப் போட்டுக் கணக்குத் துறந்து, அவற்ற சந்தாக்களை மாத்தலாம், மூடின லிஸ்டின்ர பழைய மெயில்களை வாசிக்கலாம். எங்கட லிஸ்டில ஆற்றையோ சுகயீனம், காசுக் கஷ்டம், பிள்ளையின்ர கலியாணம் எண்டு எல்லாம் சனம் நம்பி எழுதியிருக்கு. உங்கட அப் உண்மையாவே லிங்க் அனுப்பிச் சரிபாத்த ஆக்களை மட்டும் வெரிஃபைட் எண்டு ஏத்துங்கோ, மற்றவை ஒருக்கா லிங்கை அமத்தட்டும்.

"இதில லொகின் பண்ண அதில லொக்அவுட் ஆகுது"

அப்பும் போஸ்டோரியஸும் ஒரே டொமைனில, வேற வேற பாதையில இருந்தா இது நடக்கும். ரெண்டும் ஜாங்கோ, ரெண்டும் செஷன் குக்கிக்கு (லொகின் நிலையை ஞாபகம் வைக்கிறது) ஒரே பேர்தான் வைக்கும், ஒண்டு மற்றதை அழிச்சு எழுதும். ஒரு பக்கத்தில செஷன் குக்கியின்ர பேரையும், போலிப் படிவத்தைத் தடுக்கிற சிஎஸ்ஆர்எஃப் குக்கியின்ர பேரையும் மாத்துங்கோ, முடிஞ்சுது. ஜாங்கோ 4க்கு மாறின உடன எல்லாப் படிவமும் 403 தந்தா, நம்பகமான ஒரிஜின் பட்டியலில எச்டிடிபிஎஸ் எண்டு முன்னால சேர்த்து எழுதவேணும், முந்தி வெறும் டொமைன் காணுமா இருந்தது.

உறுதிப்படுத்தல் மெயிலில இருக்கிற லிங்க் எக்ஸாம்பிள் டொட் கொம்முக்குப் போனா, ஜாங்கோவின்ர சைட்ஸ் டேபிளில முதல் வரியை மாத்தேல்ல, இல்லாட்டி சைட் ஐடி பிழை. ரெண்டு நிமிச வேலை, ஆனா அந்த லிங்க் மெயிலில போனாப் பிறகு திருப்பி எடுக்க ஏலாது, ஆக்களைச் சேர்க்கிறதுக்கு முதலே பாருங்கோ.

கண்ணுக்கு ஒரே மாதிரி ரெண்டு அட்ரஸ்

அப்பில இருக்கிற அட்ரஸும் லிஸ்டில இருக்கிறதும் எழுத்துக்கு எழுத்து ஒண்டுதான், ஆனா ஸ்கிரிப்ட் வேற எண்டு சொல்லுது. முதல்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கோ. ஜாங்கோ அட்ரஸை ஒழுங்காக்கேக்க அற் குறிக்குப் பின்னால இருக்கிற டொமைனை மட்டும்தான் சின்ன எழுத்தாக்கும், முன்பக்கத்தைத் தொடாது. போனில எழுதினா முதல் எழுத்துத் தானாப் பெருசாகும். ஒப்பிடேக்க ரெண்டு பக்கத்தையும் முழுக்கச் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுங்கோ.

அதிலயும் வராட்டி கண்ணுக்குத் தெரியாத எழுத்து. வட்ஸ்அப்பில வந்த அட்ரஸைக் கொப்பி பண்ணி ஒட்டேக்க பின்னால ஒரு இடைவெளி ஒட்டும், தமிழ் கீபோர்டால எழுதின இடத்தில அகலமில்லாத இணைப்பு எழுத்து ஒண்டு ஒளிச்சுக்கொண்டு வரும். சாதாரண ஸ்ட்ரிப் இடைவெளியை எடுக்கும், இந்த அகலமில்லாததை எடுக்காது. நீளத்தை எண்ணிப் பாருங்கோ, ஒரு எழுத்துக் கூட இருந்தா அதுதான்.

பேரிலயும் இருக்கு. "கொக்குவில்" எண்டதில கொ எண்டதை ரெண்டு விதமா எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே கோட்பொயிண்டா, இல்லாட்டி எகரக் குறியும் கால் எழுத்துமா ரெண்டா. திரையில ஒண்டுதான், தேடினா ஒண்டு மற்றதைக் கண்டுபிடியாது. உள்ள வாற எல்லாத்தையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திட்டுச் சேமிச்சா ரெண்டும் ஒண்டாயிடும். பேர் முழுக்கக் கேள்விக்குறியா வந்தா அது வேற, டேட்டாபேஸ் லத்தீன் 1இல இருக்கு. மைஎஸ்கியூஎல்லின்ர பழைய யூடிஎஃப்8 தமிழைத் தாங்கும், தமிழ் எழுத்துக்கு மூண்டு பைட் காணும், ஆனா பேருக்குப் பின்னால பூ இமோஜி ஒண்டு போடுற ஆளோட விழும், அதால யூடிஎஃப்8எம்பி4 போடுங்கோ.

"கன பேருக்கு ஒரே நேரத்தில மெயில் நிண்டுபோச்சு"

அப்பில எல்லாம் சரி, லிஸ்டில பேரும் இருக்கு, ஆனா அனுப்பிறது நிப்பாட்டப்பட்டிருக்கு, காரணம் பவுன்ஸ் (அனுப்பின மெயில் திரும்பி வந்தது) எண்டு போட்டிருக்கு. எங்கட வெளிநாட்டு ஆக்களில வயசான ஆக்கள் இன்னும் யாஹூ அட்ரஸ்தான் வச்சிருக்கினம். 2014 ஏப்ரலில யாஹூ தன்ர டொமைனுக்கு டிமார்க் கொள்கையை (தன்ர பேரில வந்து சரிபார்க்க ஏலாத மெயிலை என்ன செய்யிறது எண்ட விதி) நிராகரி எண்டு வச்சது. அதுக்குப் பிறகு யாஹூ ஆள் ஒருத்தர் லிஸ்டுக்கு எழுதினா, லிஸ்ட் அதை அவற்ற பேரிலயே மற்ற ஆக்களுக்கு அனுப்பேக்க, பெறுற ஜிமெயில் சேர்வர் இது யாஹூவில இருந்து வரேல்லயே எண்டு திருப்பி அடிக்கும். அடி வாங்கிறது எழுதின ஆள் இல்லை, பெறவேண்டிய ஜிமெயில் ஆக்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் அவையின்ர பவுன்ஸ் கணக்கு ஏறும், நாளுக்கு ஒண்டுக்கு மேல ஏறாது, அஞ்சு சேர்ந்தா வழமையான அமைப்பில அனுப்பிறது நிக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு யாஹூ ஐயா ஒவ்வொரு நாளும் படம் அனுப்பினார், அஞ்சாறு நாளில ஜிமெயில் ஆக்கள் வரிசையா விழுந்திச்சினம். அவர் அன்பா அனுப்பினது, அவரை ஒண்டும் சொல்ல ஏலாது.

மருந்து லிஸ்டின்ர டிமார்க் அமைப்பில இருக்கு, அனுப்புநரை மாத்தி எழுது எண்ட தெரிவு. அப்ப அனுப்புநர் இடத்தில லிஸ்டின்ர அட்ரஸ் வரும், "இன்னார், இந்த லிஸ்ட் வழியா" எண்டு பேர் வரும். உங்கட டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையா அந்த டொமைனில இருந்துதான் வந்தது எண்டு காட்டிறவை) ரெண்டும் சரியா இருக்கோ எண்டும் பாருங்கோ, 2024 பெப்ரவரியில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில கண்டிப்பு. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000 இல்லாட்டி அதுக்கு மேல அனுப்பிறவைக்கு டிமார்க்கும் ஒரே அமத்தில விலகிற வசதியும் கட்டாயம், எங்களைப் போல சின்ன இடங்களுக்கும் எஸ்பிஎஃப், டிகிமில ஒண்டாவது வேணும்.

விழுந்த ஆக்களைத் திரும்ப எழுப்பேக்க கவனம். அனுப்பிறதை நிப்பாட்டினது பவுன்ஸா, ஆளே தானா நிப்பாட்டினாரா எண்டு கோர் தனித்தனியாக் குறிச்சு வச்சிருக்கு. பவுன்ஸ் எண்டு இருக்கிறதை மட்டும் எழுப்புங்கோ. ரொறன்ரோ ஐயாவுக்கு நடந்ததை இன்னொருத்தருக்குச் செய்யாதையுங்கோ.

சரியா அஞ்சரை மணித்தியாலம் பிந்தி மாறுது

காலமை பத்து மணிக்கு அப்பில மாத்தினது பின்னேரம் மூண்டரைக்குத்தான் லிஸ்டில தெரியுது எண்டா வேற எங்கயும் தேடவேண்டாம். அப் மாறின நேரத்தை இலங்கை நேரத்தில எழுதுது, ஸ்கிரிப்ட் இப்ப வரைக்கும் மாறினதை எடு எண்டு யூடிசியில (உலகப் பொது நேரம்) கேக்குது. ரெண்டையும் யூடிசியில வச்சு, காட்டேக்க மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாத்துங்கோ.

லிஸ்டுக்கு எழுதினா அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டு திரும்புது

புதுசா உண்டாக்கின லிஸ்டை போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியேல்ல. மெயில்மேனின்ர ஏலியஸஸ் கொமாண்டை மெயில்மேன் யூசரா ஓட்டுங்கோ, ரூட்டா ஓட்டினா ஃபைல் உரிமை மாறி அடுத்த பிரச்சினை தொடங்கும். போஸ்ட்ஃபிக்ஸ், கோருக்கு மெயிலைக் குடுக்கிற எல்எம்டிபி போர்ட் 8024இல கதைக்க ஏலாது எண்டு லொக்கில இருந்தா கோர் விழுந்திருக்கு. மெயில் வந்தது, திரும்பவும் இல்லை, ஆருக்கும் போகவும் இல்லை எண்டா ஷண்ட் எண்ட கியூவுக்குள்ள பாருங்கோ, கோர் விளங்காமல் ஒதுக்கினது எல்லாம் அங்க கிடக்கும். காரணத்தை லொக்கில பாத்துத் திருத்தினாப் பிறகு அன்ஷண்ட் கொமாண்டால திரும்ப ஓடவிடலாம்.

"அப்பா போய் ஆறு மாசம், இன்னும் அவருக்கு மெயில் வருது"

லண்டனில இருந்து ஒரு மகள் எழுதினா. தகப்பன்ர கணக்கை அப்பில மூடச் சொல்லி முதலே கேட்டவா, நாங்களும் மூடிட்டம், மூடியாச்செண்டு பதிலும் போட்டனாங்கள். அப்பில ஆள் இல்லை. கோரில ஆள் அப்பிடியே இருந்தார். அவற்ற மெயில்பெட்டியை அவா பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவற்ற பேர் சொல்லி வரச்சொல்லி அழைப்புப் போயிருக்கு.

ஜாங்கோவில யூசரை அழிச்சா அழியிறது ஜாங்கோவில இருக்கிறது மட்டும்தான். இப்ப நாங்கள் செய்யிற வரிசை இது: அப்பில அழிக்க முதல், அந்த ஆளோட இணைஞ்ச எல்லா அட்ரஸையும் கோரிட்டக் கேட்டு எடுக்கிறம், ஏனெண்டா அப்பில அழிச்சாப் பிறகு எந்த அட்ரஸைத் தேடுறது எண்டே தெரியாமல் போயிடும். பிறகு கோரில யூசரை அழிக்கிறம், அட்ரஸ் ஒவ்வொண்டாத் திரும்பக் கேட்டு 404 (இல்லை எண்ட பதில்) வருதோ எண்டு பாக்கிறம், வராட்டி அந்த அட்ரஸைத் தனியா அழிக்கிறம். காத்திருக்கிற விண்ணப்பம் ஏதும் இருந்தா அதையும் தள்ளிவிடுறம். போஸ்டோரியஸ் பக்கத்தில இருக்கிற கணக்கு அடுத்தது. எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் அப்பில அழிக்கிறது. நடுவில ஒண்டு தோத்தா அப்பில இருக்கிற கணக்கைத் தொடாமல் நிப்பாட்டி எனக்கு மெயில் போடும்.

ஹைப்பர்கிட்டியில அவர் எழுதின பழைய மெயில்கள் இதால அழியாது, அது தனி. அதை என்ன செய்யிறது எண்டு மகளிட்டக் கேட்டன். விட்டுவிடுங்கோ எண்டா.